நம்ம போஸ்ட்டை நாமே அடியோட அழிக்க முடியுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய போஸ்ட்டைத் தூக்கணும்னு கெளம்புறவங்க கேக்குற கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. சட்டம், டெக்னாலஜி, கம்பெனி ரூல் மூணும் இதுல ஒண்ணோட ஒண்ணு சிக்கிக் கெடக்கிறதால சிலதுக்கு ஒரு வரில பதில் முடிஞ்சிடும், சிலது இழுக்கும், பொறுமையா படிங்க.

டெலீட் பட்டனை அமுக்கினா போஸ்ட் நிஜமாவே போயிடுதா?

மத்தவங்க கண்ணுல இருந்து உடனே போயிடும். சர்வர்ல இருந்து போறது வேற கதை. பெரிய தளங்கள்ல பொதுவா நீங்க டெலீட் கொடுத்ததும் அந்தப் போஸ்ட் மேல "இது அழிச்சாச்சு, யாருக்கும் காட்டாதே"ன்னு ஒரு குறி விழும், அவ்வளவுதான், டேட்டா இருந்த இடத்துலயே இருக்கும், அப்புறம் பின்னாடி ஓடுற ஒரு ப்ரோக்ராம் வந்து குறி விழுந்ததையெல்லாம் கழிச்சுக் கட்டும். அது போக போட்டோ, வீடியோ எல்லாம் வேகமா லோட் ஆகணும்னு உலகம் பூரா பல சர்வர்ல காப்பி போட்டு வெச்சிருப்பாங்க, பேக்கப் தனி. அக்கவுண்ட்டை அழிக்கச் சொன்னா முழுசா அழிச்சு முடிக்க 90 நாள் வரைக்கும் ஆகலாம்னு ஃபேஸ்புக்கே எழுதி வெச்சிருக்கு.

இதுல டெக்னிக்கலா நியாயம் இருக்கு, ஒத்துக்கலாம். ஆனா எல்லாமே அந்தக் கணக்குல அடங்குறதில்ல. 2009ல ஃபேஸ்புக்ல அழிச்ச போட்டோவோட நேரடி லிங்க் இன்னும் தெறக்குதுன்னு செய்தி வந்துச்சு, சரி பண்ணிட்டோம்னு அவங்க சொன்னது 2012ல. இன்ஸ்டாகிராம்ல ஒருத்தர், செக்யூரிட்டி ஆராய்ச்சி பண்றவர், தன்னோட டேட்டாவை டவுன்லோட் பண்ணிப் பாத்தா ஒரு வருஷத்துக்கு முன்னாடியே அழிச்ச போட்டோவும் மெசேஜும் உள்ள உக்காந்திருக்கு, 2019ல சொன்னாரு, 2020ல சரி பண்ணிட்டு அவருக்கு 6000 டாலர் பரிசும் கொடுத்தாங்க. போஸ்ட் போடுற பட்டன் ஒரு நிமிஷம் வேலை செய்யலைன்னா மொத்த கம்பெனியும் பதறிடும், அழிக்கிற பட்டன் மூணு வருஷம் அரைகுறையா வேலை செஞ்சாலும் வெளில யாருக்கும் தெரியாது. என் கோவமே இதுதான்.

ஆர்க்கைவ், ஹைட், ட்ராஷ் இதெல்லாம் டெலீட்டா?

ஆர்க்கைவ், ஹைட் ரெண்டும் டெலீட்டே கிடையாது. ஆர்க்கைவ்னா உங்களுக்கு மட்டும் தெரியும், எத்தனை வருஷம் ஆனாலும் அங்கேயே இருக்கும். ப்ரொஃபைல்ல மட்டும் ஹைட் பண்ணா மத்த இடத்துல அது பாட்டுக்கு வரும். ட்ராஷ்ங்கிறது காத்திருப்பு, ஃபேஸ்புக்ல 30 நாள், இன்ஸ்டாகிராம்ல "சமீபத்துல அழிச்சது"ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும் அதுலயும் 30 நாள் (ஸ்டோரி மட்டும் ஆர்க்கைவ்ல இல்லைன்னா 24 மணி நேரம்). அவசரம்னா அந்த ஃபோல்டருக்குள்ள போய் இன்னொரு தடவை அழிக்கணும். நிறைய பேரு இந்த ரெண்டாவது ஸ்டெப்பைத்தான் விட்டுடறாங்க.

அக்கவுண்ட்டையே அழிச்சிட்டா போஸ்ட்டும் சேந்து போயிடுமா?

தளத்துக்குத் தளம் மாறும், இதுல ஏமாந்தவங்க நிறைய. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்ல போயிடும், ஆனா முதல் 30 நாளுக்குள்ள ஒரு தடவை லாகின் பண்ணி வேணாம்னு சொல்லிட்டா மொத்தமும் கேன்சல். எக்ஸ்ல (பழைய ட்விட்டர்) நீங்க பண்றது டீஆக்டிவேட்தான், 30 நாள் சும்மா இருந்தா அதுக்கப்புறம் அழிக்க ஆரம்பிப்பாங்க. ஃபேஸ்புக் டீஆக்டிவேட் அப்படி இல்ல, அது தூங்க வைக்கிறது, எத்தனை வருஷம் கழிச்சும் எழுப்பலாம்.

ரெட்டிட்ங்கிற விவாதத் தளத்துலதான் பெரிய குழி. அக்கவுண்ட்டை அழிச்சா உங்க பேரு மட்டும்தான் போகும், நீங்க எழுதினதெல்லாம் பேரில்லாம அப்படியே நிக்கும், அப்புறம் அதை அழிக்க உங்களுக்கு லாகினும் இருக்காது. அதனால எந்தத் தளமா இருந்தாலும் முதல்ல போஸ்ட், கடைசியா அக்கவுண்ட், இந்த வரிசையை மாத்தாதீங்க. மெசெஞ்சர்ல நீங்க அனுப்பின மெசேஜ் வாங்கினவங்க பக்கம் இருக்கும், அக்கவுண்ட் போனாலும் அது போகாது.

சரி, அழிக்கிறது நம்ம உரிமையா, இல்ல கம்பெனி போடுற பிச்சையா?

எந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்துதுங்கிறதைப் பொறுத்து ரெண்டும்தான்.

ஐரோப்பிய யூனியன்ல இருக்கிறவங்களுக்கு உரிமை. 2018 மே 25ல அமலுக்கு வந்த ஜிடிபிஆர்ங்கிற தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட 17வது பிரிவு, உங்க தனிப்பட்ட டேட்டாவை அழிங்கன்னு கேக்குற உரிமையைக் கொடுக்குது. ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும், சிக்கலான கேஸ்னா இன்னும் ரெண்டு மாசம் நீட்டிக்கலாம், பொதுவா காசு கேக்கக் கூடாது. கருத்துச் சுதந்திரம், சட்டப்படி வெச்சிருக்க வேண்டிய கடமை, நடந்துட்டிருக்கிற வழக்கு, ஆய்வுக்கான ஆவணம், இப்படி விதிவிலக்கும் இருக்கு.

இங்க ஒரு குழப்பத்தைத் தீத்துடுறேன். "மறக்கப்படும் உரிமை"ன்னு சொன்னதும் எல்லாரும் 2014ல கூகுளுக்கு எதிரா ஸ்பெயின்காரர் கோஸ்தேஹா ஜெயிச்ச கேஸைத்தான் சொல்லுவாங்க. அது 1998ல ஒரு பேப்பர்ல வந்த அறிவிப்பு பத்தினது, அவரா எழுதினது இல்ல, தேடல் ரிசல்ட்ல இருந்துதான் எடுக்கச் சொன்னாங்க, பேப்பர்ல அது அப்படியேதான் இருந்துச்சு. அடுத்தவன் எழுதினதை எடுக்கச் சொன்னா அங்க அவனோட பேச்சுரிமையும் வந்து நிக்கும், எடை போட்டுத்தான் பாக்கணும். நாமே எழுதினதை நாமே எடுக்கிறதுல யாரோட பேச்சுரிமை போச்சு? அதனால இந்த ரெண்டையும் ஒரே தராசுல வைக்கிறது தப்புன்னு நான் நினைக்கிறேன், சொந்தப் போஸ்ட்டுக்கு காரணமே கேக்கக் கூடாது.

கலிஃபோர்னியால 2015 ஜனவரில இருந்து 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்க தாங்க போட்டதை எடுக்க, இல்ல எடுக்கச் சொல்லிக் கேக்க ஒரு சட்டம் இருக்கு. கேக்க நல்லாத்தான் இருக்கும், உள்ள படிச்சா மத்த யூசருக்குத் தெரியாம மறைச்சாலே போதும், சர்வர்ல இருந்தாலும் சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மாதிரிதானாம். வேற ஒருத்தர் அதை எடுத்துப் போட்டிருந்தா அதுக்கும் இந்தச் சட்டம் செல்லாது.

தென்கொரியா இதுல கொஞ்சம் புத்திசாலித்தனமா யோசிச்சிருக்கு. 2016லயே சொந்தப் போஸ்ட்டை மத்தவங்க பாக்காம தடுக்கச் சொல்லிக் கேக்குறதுக்கு வழிகாட்டு விதிகள் போட்டாங்க, 2023ல சின்ன வயசுல போட்ட போஸ்ட்டை அழிக்க அரசாங்கமே உதவி பண்ற ஒரு சேவை ஆரம்பிச்சாங்க, பேரே அழிரப்பர்னுதான் வெச்சிருக்காங்க. பாஸ்வேர்டு மறந்து போனவங்க, அக்கவுண்ட்டே இல்லாதவங்க இவங்களுக்குத்தான் இது அதிகம் உதவும், மத்த நாட்டுச் சட்டம் பெரும்பாலும் கண்டுக்காத ஆளுங்க இவங்க.

இந்தியாவோட புது டேட்டா சட்டம் இதுக்கு உதவுமா?

பாதிதான். 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல 12வது பிரிவு அழிக்கச் சொல்லிக் கேக்குற உரிமையைக் கொடுக்குது. விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, முக்கியமான கடமைகள் அமலாக 18 மாசம் அவகாசம். இதுவரைக்கும் சரி. ஆனா அதே சட்டத்தோட 3வது பிரிவைப் பாருங்க, ஒருத்தர் தானே பொதுவுல வெளியிட்ட தனிப்பட்ட டேட்டாவுக்கு இந்தச் சட்டமே பொருந்தாதுன்னு போட்டிருக்கு, அதுக்கு உதாரணமா கொடுத்திருக்கிறதே சோஷியல் மீடியால தன் விஷயத்தைப் பொதுவா எழுதுற ஒருத்தரைத்தான். அதாவது எந்தப் போஸ்ட்டுக்காக இந்த உரிமை அதிகமா தேவையோ, அந்தப் பப்ளிக் போஸ்ட்டே வெளில நிக்குது. நண்பர்களுக்கு மட்டும்னு போட்டதுக்கு வேணா வாதாடலாம்.

இன்னொண்ணு, 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகள்படி நீங்க அக்கவுண்ட்டை மூடினாலும் பதிவு பண்ணப்போ கொடுத்த விவரத்தைத் தளம் 180 நாள் வெச்சிருக்கணும். கம்பெனி வேணும்னே வெச்சிருக்குன்னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க.

அழிச்சது அவங்ககிட்ட இன்னும் இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேட்டுப் பாக்கணும். 2011ல வியன்னாவுல சட்டம் படிச்சிட்டிருந்த மாக்ஸ் ஷ்ரெம்ஸ், என்னைப் பத்தி வெச்சிருக்கிறதையெல்லாம் கொடுங்கன்னு ஃபேஸ்புக்குக்கு எழுதிக் கேட்டாரு, ஒரு சிடில 1200 பக்கத்துக்கு மேல வந்துச்சு, அதுக்குள்ள அவர் அழிச்சிட்டேன்னு நினைச்ச மெசேஜெல்லாம் இருந்துச்சு. அப்புறம் நடந்த பெரிய பெரிய வழக்கெல்லாம் அங்க இருந்து கெளம்பினதுதான்.

இப்போ பெரும்பாலான பெரிய தளங்கள்ல "உங்க டேட்டாவை டவுன்லோட் பண்ணுங்க"ன்னு ஒரு வசதி இருக்கு. போஸ்ட்டை அழிச்சு மூணு நாலு மாசம் கழிச்சு அதை எடுத்துப் பாருங்க. ஆனா அதுல அவங்க காட்ட நினைக்கிறதுதான் வரும், முழுசா வேணும்னா ஜிடிபிஆர் பொருந்துறவங்க 15வது பிரிவைச் சொல்லி எழுத்துல கேக்கணும்.

மத்தவங்க ஷேர் பண்ணது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தது?

ஷேர், ரீட்வீட் எல்லாம் உங்க ஒரிஜினலைக் கண்ணாடி மாதிரி காட்டுறதுதான், ஒரிஜினல் போனா அதுவும் போகும். கோட் பண்ணி எழுதினா அவங்க எழுதினது நிக்கும், உங்க பகுதில இது இப்போ கிடைக்கலைன்னு வரும். காப்பி பேஸ்ட், ஸ்க்ரீன்ஷாட் ரெண்டும் அவங்க போஸ்ட், உங்க பட்டனுக்கு அங்க அதிகாரம் இல்ல. அதுல உங்க போன் நம்பர், வீட்டு அட்ரஸ், அந்தரங்கப் படம் இருந்தா ரிப்போர்ட் பண்ணி எடுக்க வைக்கலாம், வெறும் கருத்துன்னா அவங்களைக் கேட்டுத்தான் பாக்கணும். சண்டை போட்டா அந்த ஸ்க்ரீன்ஷாட் இன்னும் பத்து பேருக்குப் போகும்ங்கிறதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

அடுத்தவர் போஸ்ட்டுக்குக் கீழ போட்ட கமெண்ட், குரூப்ல எழுதினது?

கமெண்ட் உங்களோடது, நீங்களே அழிக்கலாம், கஷ்டம் அதைத் தேடிப் பிடிக்கிறதுதான். ஃபேஸ்புக்ல ஆக்டிவிட்டி லாக்னு ஒண்ணு இருக்கு, வருஷ வாரியா ஃபில்டர் போட்டு எடுக்கலாம். குரூப்ல இருந்து வெளியேறப் போறீங்கன்னா உள்ள இருக்கும்போதே அழிச்சிட்டு வாங்க.

கேள்வி பதில் தளங்கள்ல கதை வேற. 2024 மே மாசம் ப்ரோக்ராமர்களோட கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, சாட்ஜிபிடி கம்பெனியான ஓப்பன்ஏஐயோட ஒப்பந்தம் போட்டதும் கடுப்பான சிலர் தங்களோட பழைய பதிலையெல்லாம் அழிக்க, மாத்தி எழுத ஆரம்பிச்சாங்க, தளம் அதைத் திரும்பப் பழைய மாதிரி ஆக்கிட்டு அவங்க அக்கவுண்ட்டையும் சஸ்பெண்ட் பண்ணுச்சு. எழுதும்போதே யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்ங்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல கொடுத்தாச்சு, அதைத் திரும்ப வாங்க முடியாதுங்கிறது அவங்க வாதம். அதுல ஓரளவு நியாயம் இருக்கு, ஒரு பதிலை நம்பி ஆயிரம் பேர் வேலை பாத்திருப்பாங்க, நடுவுல பிடுங்கினா மொத்தப் பேச்சும் குலைஞ்சிடும். ஆனா எழுதினவர் பேரை அதுல இருந்து எடுக்கச் சொன்னா ஒரு கேள்வியும் கேக்காம எடுக்கணும், அதுல சமரசமே கூடாது.

போஸ்ட்டை அழிச்சிட்டேன், கூகுள்ல இன்னும் வருதே?

கூகுள் அந்தப் பக்கத்தை அடுத்த தடவை வந்து பாக்குற வரைக்கும் பழைய வரி தெரியும். காத்திருக்க முடியலைன்னா, காலாவதியான விஷயத்தை நீக்கன்னு கூகுள்ல ஒரு ஃபாரம் இருக்கு, லிங்க்கைப் போட்டா போதும், அக்கவுண்ட் உங்களோடதுன்னு நிரூபிக்க வேண்டியதில்ல, பக்கம் நிஜமா போயிருக்கணும் இல்ல மாறியிருக்கணும், அவ்வளவுதான். பிங்ங்கிற இன்னொரு தேடல் தளத்துக்குத் தனியா பண்ணணும்.

வேபேக் மெஷின்ல இருந்தா?

வெப் பக்கங்களைக் காப்பி எடுத்துச் சேமிக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996ல ஆரம்பிச்சது, அந்தப் பழைய காப்பியைத் தேடிப் பாக்குற வேபேக் மெஷின் பொதுமக்களுக்குத் தெறந்தது 2001ல. மெயில் அனுப்பி எடுக்கச் சொல்லலாம், அந்த அக்கவுண்ட் உங்களோடதுதான்னு காட்டணும், அவங்க பாத்து முடிவு பண்ணுவாங்க. எல்லாப் போஸ்ட்டும் அங்க இருக்காது, பிரபலமானவங்க பக்கம்தான் அதிகம் சேமிச்சிருப்பாங்க. அதனால முதல்ல உங்க லிங்க்கைப் போட்டுப் பாருங்க, பாதிப் பேருக்கு இந்தக் கவலையே தேவைப்படாது.

மாஸ்டடான் மாதிரி பல சர்வர்ல ஓடுறதுல?

மாஸ்டடான்ங்கிறது ஒரே கம்பெனிகிட்ட இல்லாம, தனித்தனி ஆளுங்க நடத்துற சர்வர்கள் சேந்து ஓடுற சோஷியல் மீடியா. நீங்க அழிச்சா உங்க சர்வர் மத்த சர்வருக்கெல்லாம் "இதை அழிச்சிடுங்க"ன்னு ஒரு செய்தி அனுப்பும். ஒழுங்கானவங்க அழிப்பாங்க, ஆஃப்லைன்ல கெடக்குற சர்வரும் வேணும்னே கேக்காத சர்வரும் அழிக்காது. ஒரே முதலாளி இல்லாதது நல்லதுதான், ஆனா இந்த ஒரு விஷயத்துல யாரைப் பிடிச்சுக் கேக்குறதுன்னே தெரியாது.

ஏஐ என் போஸ்ட்டைப் படிச்சிடுச்சுன்னா?

இதுக்கு இப்போதைக்கு நல்ல பதில் இல்ல. ட்ரெயினிங் முடிஞ்ச மாடலுக்குள்ள உங்க போஸ்ட் ஒரு ஃபைலா தனியா உக்காந்திருக்காது, கோடிக்கணக்கான எண்களுக்குள்ள கரைஞ்சு போயிருக்கும், அதை மட்டும் பிரிச்சு எடுக்கிற வழி ஆராய்ச்சிலதான் இருக்கு. அடுத்த மாடலைத் தயார் பண்றதுக்கு முன்னாடி டேட்டால இருந்து எடுத்தா உண்டு. அதனால இங்க மட்டும் நேரம் முக்கியம், போஸ்ட்டை இன்னைக்கு அழிக்கிறதுக்கும் அடுத்த வருஷம் அழிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

ஐரோப்பால 2025 மே 27ல இருந்து பெரியவங்களோட பப்ளிக் போஸ்ட்டை ஏஐ ட்ரெயினிங்குக்கு எடுக்கப் போறோம்னு ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனியான மெட்டா சொல்லி, வேணாங்கிறவங்களுக்கு ஒரு ஃபாரம் கொடுத்துச்சு. ரெட்டிட் 2024ல கூகுளுக்கு ஏஐ ட்ரெயினிங்குக்காகத் தன் டேட்டாவைக் கொடுக்க ஒப்பந்தம் போட்டுச்சு. இப்படி விக்கிறப்போ, யூசர் அழிச்சா வாங்கினவங்களும் அழிக்கணும்னு ஒரு கட்டாயம் வெளிப்படையா இருக்கணும், கூடவே எத்தனை நாளுக்குள்ளன்னும் இருக்கணும். காசு வாங்கத் தெரிஞ்சவங்களுக்கு இது ஒரு பெரிய வேலையில்ல.

சேட்ல அனுப்பின மெசேஜ்?

வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் டெலீட்ங்கிறது 2017ல வந்தப்போ 7 நிமிஷம்தான் கொடுத்தாங்க, 2022ல அதை ரெண்டு நாளுக்குக் கொஞ்சம் மேல ஆக்கினாங்க. டெலிகிராம்ல 2019ல இருந்து தனிச் சேட்ல எந்த மெசேஜையும் ரெண்டு பக்கமும் எப்போ வேணா அழிக்கலாம், எதிர்ல இருக்கிறவரும் நீங்க அனுப்பினதை அழிக்கலாம், அது சில பேருக்குப் பிடிக்கல. தானா மறையுதுன்னு சொல்றதை மட்டும் கண்ணை மூடி நம்பாதீங்க, மெசேஜ் மறைஞ்சே போயிடும்னு சொன்னது உண்மையில்லைன்னு ஸ்னாப்சாட் மேல அமெரிக்க வர்த்தக ஆணையம் எடுத்த நடவடிக்கை 2014ல சமரசத்துல முடிஞ்சுது.

அரசியல்வாதிங்களுக்கும் இதே உரிமையா?

2010ல நெதர்லாந்துல ஆரம்பிச்ச பொலிட்வூப்ஸ் அரசியல்வாதிங்க அழிச்ச ட்வீட்டை எடுத்துக் காட்டிட்டிருந்துச்சு. 2015ல ட்விட்டர் அதுக்கு டேட்டா கொடுக்கிறதை நிறுத்தி, அழிக்கிற உரிமை எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லுச்சு, அந்த வருஷக் கடைசில மனசு மாறித் திரும்பக் கொடுக்க ஒத்துக்கிச்சு. 2017ல அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் வெள்ளை மாளிகைக்கிட்ட அதிபர் அழிச்ச ட்வீட்டையும் பாதுகாத்து வைக்கணும்னு சொல்லுச்சு.

பதவில உக்காந்து பேசினது அரசு ஆவணம், அதை அழிக்க அவருக்கு உரிமை கிடையாதுங்கிறது என் கருத்து. அதே ஆள் பதவிக்கு வர்றதுக்கு முன்னாடி, காலேஜ்ல படிக்கும்போது போட்ட மொக்க ஜோக்கை அழிச்சா விட்டுடலாம்.

கேஸ் ஓடிட்டிருக்கு, இப்போ அழிக்கலாமா?

கூடாது. வக்கீலைக் கேக்காம ஒரு கமெண்ட்டைக் கூடத் தொடாதீங்க. அமெரிக்காவுல விர்ஜினியால ஒரு விபத்து நஷ்டஈடு கேஸ்ல, வக்கீல் தன் கட்சிக்காரரோட ஃபேஸ்புக்கைச் சுத்தம் பண்ணச் சொல்ல, அது வெளில வந்து கோர்ட்டு வக்கீலை 5,42,000 டாலரும் கட்சிக்காரரை 1,80,000 டாலரும் கட்டச் சொல்லுச்சு. 2013ல அந்த மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கேஸ் இது.

மொத்தமா அழிக்கிற ஆப் யூஸ் பண்ணலாமா?

பண்ணலாம், ஆனா அதுக்கு உங்க அக்கவுண்ட்டுக்குள்ள எழுதுற, அழிக்கிற பர்மிஷன் எல்லாம் கொடுக்குறீங்க. பாஸ்வேர்டையே கேக்குற ஆப்பை உடனே மூடிடுங்க. வேலை முடிஞ்சதும் செட்டிங்ஸ்ல போய் அந்த ஆப்போட அனுமதியைப் பிடுங்கிடுங்க. முதல்ல டேட்டாவை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க, பின்னாடி பழைய போட்டோவைத் தேடி அழுது பிரயோஜனமில்ல.

அழிக்கிறதுக்கு முன்னாடி எடிட் பண்ணி வேற ஏதாவது எழுதிட்டு அழிச்சா நல்லதுங்கிறாங்களே?

சில தளம் எடிட் ஹிஸ்டரியையே வெச்சிருக்கும், அங்க இது வீண். ஹிஸ்டரி இல்லாத இடத்துல கொஞ்சம் உதவலாம், கெடுதல் ஒண்ணுமில்ல.

கம்பெனிக்கு எழுதணும்னா என்ன எழுதறது?

சுருக்கமா, கோவம் இல்லாம. முடிஞ்சா லாகின் பண்ணின அக்கவுண்ட்ல இருந்தே அனுப்புங்க, அப்போ நீங்கதான் நீங்கன்னு நிரூபிக்க ஆதார், பாஸ்போர்ட்டு எல்லாம் கேக்க அவங்களுக்குக் காரணம் குறையும். ஒரு மாதிரி இதோ:

"இந்த அக்கவுண்ட் என்னுடையது. கீழே உள்ள லிங்க்குகளில் இருக்கும் பதிவுகள் நானே போட்டவை. இவற்றுக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். பேக்கப் உட்பட எல்லா இடத்திலிருந்தும் அழித்து, எந்தத் தேதிக்குள் முடியும் என்று தெரிவிக்கவும். இந்தப் பதிவுகளை வேறு யாருக்காவது கொடுத்திருந்தால் அவர்களுக்கும் தெரிவித்து, அவர்கள் யார் என்று எனக்குச் சொல்லவும். மறுப்பதாக இருந்தால் எந்தச் சட்டப் பிரிவின்படி என்று எழுதவும்."

ஜிடிபிஆர் பொருந்துறவங்க இதுல 17, 19 ரெண்டு பிரிவையும் குறிப்பிடுங்க, மத்தவங்க அப்படியே அனுப்பலாம். முதல் பதில் பெரும்பாலும் ஹெல்ப் பேஜ் லிங்க்கா ஒட்டி வரும், அது பதிலே இல்ல, அதே மெயில்ல "நான் கேட்டதுக்கு இது பதில் இல்லை"ன்னு திரும்ப எழுதுங்க. அனுப்பின தேதி, டிக்கெட் நம்பர், அழிக்கிறதுக்கு முன்னாடி எடுத்த லிங்க் லிஸ்ட், இது மூணையும் பத்திரமா வெச்சிருந்தாத்தான் அப்புறம் அந்தந்த நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் போகும்போது கேஸ் நிக்கும்.